கடைசி வரியை மட்டும் அனுப்பாதீர்கள்

புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கமிருந்து கம்ப்யூட்டரும் எலெக்ட்ரானிக்ஸும் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு,

புராஜெக்ட் சீசன் தொடங்கிவிட்டது என்பது என் போனைத் திறந்தாலே தெரிந்துவிடுகிறது. யாரிடமோ நம்பர் வாங்கி, கம்ப்யூட்டர் திரையைக் கோணலாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறீர்கள். போட்டோவில் பாதி டியூப் லைட் வெளிச்சம். மீதியில் படிக்க முடிவது ஒரே ஒரு வரி: 'மேக்: *** [ஆல்] எரர் 2'. அதற்குக் கீழே, "அண்ணே, ஜிடிபி பில்ட் ஆக மாட்டேங்குது, என்ன செய்ய?"

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னால் மட்டுமல்ல, ஜிடிபி எழுதியவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. 'எரர் 2' என்றால், "உள்ளே எங்கோ ஒரு வேலை தோற்றுப்போனது, அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்" என்று நிரலைக் கட்டும் கருவியான மேக் கைவிரிக்கிறது, அவ்வளவுதான். எது தோற்றது, ஏன் தோற்றது என்பதெல்லாம் அதற்கு முந்நூறு நானூறு வரி மேலே கிடக்கும். அங்கேதான் ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு பதில் எழுதி மாளவில்லை. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். நிரலில் பிழை தேடும் இந்த ஜிடிபியைச் சோர்ஸிலிருந்து கட்டத்தான் வேண்டுமா? உங்கள் லேப்டாப்பில் எழுதிய சி புரோகிராமை அதே லேப்டாப்பில் ஓட்டிப் பிழை தேடுவதாக இருந்தால் தேவையே இல்லை. உபுண்டுவிலோ டெபியனிலோ 'ஆப்ட் இன்ஸ்டால் ஜிடிபி' என்று அடித்தால் வேலை முடிந்தது. உங்களில் பலர் கையிலெடுத்திருப்பது அந்த வேலை இல்லை என்பதும் தெரியும். ரிஸ்க்-ஃபைவ் என்ற வகைப் புராசஸர் உள்ள போர்டு. சென்னை ஐஐடியில் 2014-ல் தொடங்கிய 'சக்தி' புராசஸர் திட்டம் வந்த பிறகு, நம் பக்கத்துக் கல்லூரிகளிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. பேராசிரியர் காமகோடி தலைமையில் அவர்கள் வடிவமைத்த சிப்புகளில் ஒன்று 2018-ல் அமெரிக்காவின் ஆரிகனில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் வார்க்கப்பட்டது. 'ரிமோ' என்ற இன்னொன்று அதே ஆண்டு சண்டிகரை ஒட்டியுள்ள நம் அரசு ஆலையிலேயே 180 நானோமீட்டரில் வந்தது. 2025-ல் இஸ்ரோவோடு சேர்ந்து 'ஐரிஸ்' என்ற சிப். திருவனந்தபுரத்தில் சி-டாக் செய்யும் 'வேகா' வரிசை தனி. இவை எல்லாமே ரிஸ்க்-ஃபைவ். உங்கள் லேப்டாப்பில் இருப்பதோ இன்டெல் வகை. லேப்டாப்போடு வந்த ஜிடிபிக்கு அந்த போர்டின் பாஷை தெரியாது.

அப்போதும் நேராகச் சோர்ஸுக்குப் போகாதீர்கள். 'ஜிடிபி-மல்டிஆர்ச்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் எல்லாம் அதற்குத் தெரியும். போட்டோ அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும். கேட்டால், "சீனியர் குடுத்த நோட்ஸ்ல சோர்ஸ்ல இருந்து கட்டணும்னு போட்டிருக்கு" என்கிறீர்கள். அந்த நோட்ஸ் எந்த வருஷத்தது என்று பாருங்கள். ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு ஜிடிபியின் அதிகாரபூர்வப் பதிப்புக்குள் வந்ததே 2018 வாக்கில்தான். அதற்கு முன் எழுதிய நோட்ஸ் என்றால், அன்றைக்கு வேறு வழியில்லாமல் தனியாக ஒரு பிரதியை எடுத்துக் கட்டியிருப்பார்கள். இன்றைக்கு அதைப் பார்த்துச் செய்தால் வீண் வேலை.

சரி, கட்டித்தான் ஆக வேண்டும். லேப்பில் பழைய உபுண்டு, அதிலிருக்கும் ஜிடிபியும் பழசு, மல்டிஆர்ச்சும் பழசு. அல்லது உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. பின்னதுதான் காரணம் என்றால் ரொம்ப சந்தோஷம்.

அப்படியானால் இதன் வயதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஜிடிபியை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதினார். உங்கள் அப்பா அம்மாவே அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். முப்பது வருஷம் அது சி நிரலாகவே இருந்தது. 2016 வாக்கில் சி++ கம்பைலருக்கு மாறியது. 2017-ல் வந்த 8.0 பதிப்பு, சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும் என்றது. 2024-ல் வந்த 15-ஆம் பதிப்பு சி++17 கேட்கிறது, அதாவது ஜிசிசி கம்பைலரில் 9-ஆம் பதிப்பாவது வேண்டும். லேப் கம்ப்யூட்டரில் உபுண்டு 18.04 இருந்தால் அதோடு வந்தது ஜிசிசி 7. அதில் ஜிடிபி 15-ஐ இறக்கி, "சி++17 தெரிந்த கம்பைலர் தேவை" என்று அது சொன்னதும், கம்பைலரை மாற்றுகிறேன் என்று கிளம்பி, அதில் வேறொன்று உடைந்து, கடைசியில் ஓஎஸ்ஸையே ஃபார்மட் அடித்தவர்கள் உங்களில் உண்டு. அதே மெஷினில் ஜிடிபி 12-ஐ எடுத்திருந்தால் முனகாமல் ஏறியிருக்கும். அதற்கு சி++11 போதும்.

தலைகீழாகவும் நடக்கும். புது உபுண்டுவில், பழைய நோட்ஸ் சொன்ன ஜிடிபி 7-ஐக் கட்ட முயல்வது. கம்பைலர்கள் வருஷத்துக்கு வருஷம் கறாராகிக்கொண்டே வருகின்றன. 2020-ல் வந்த ஜிசிசி 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குளோபல் வேரியபிளை இரண்டு ஃபைல்களில் அறிவித்துவைக்கும் பழைய சி பழக்கத்தை அதுவரை கண்டும் காணாமல் விட்டுவந்தார்கள். 10-லிருந்து விடுவதில்லை. 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று லிங்கர் கத்தும். நிரலில் தப்பு என்று நீங்கள் போய் ஃபைலைத் திருத்த ஆரம்பிக்கிறீர்கள். நிரல் அப்படியேதான் இருக்கிறது, காலம் மாறிவிட்டது. சோர்ஸும் கம்பைலரும் ஏறக்குறைய ஒரே வயசாக இருந்தால் பாதித் தகராறு வராது.

டவுன்லோடு பற்றிச் சுருக்கமாக. சுருக்கப்பட்ட ஃபைல் இருபது எம்பி சொச்சம்தான், ஒரு நாள் டேட்டாவில் அது தூசு. கிட்டில் குளோன் பண்ணப் போகாதீர்கள். அது பின்யூட்டில்ஸும் ஜிடிபியும் சேர்ந்து குடியிருக்கும் பெரிய வீடு. பல வருஷ வரலாற்றோடு இறங்கும், டேட்டா தீர்ந்துவிடும். மேலும் கிட்டிலிருந்து எடுத்தால் ஃப்ளெக்ஸ், பைசன் எல்லாம் தனியாக வேண்டும், எச்சரிக்கைகளையும் பிழையாக எண்ணி நிறுத்தும். வெளியீட்டுப் பதிப்பில் அந்தக் கெடுபிடி இல்லை. புதூரில் டவர் விட்டு விட்டு வருவது நமக்குத் தெரிந்த கதை. பாதியில் அறுந்த ஃபைலைப் பிரித்தால் 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் இன்புட்' என்று வரும். 'டபிள்யூகெட் -சி' போட்டால் விட்ட இடத்திலிருந்து இறங்கும்.

பிரிக்கும் இடமும் முக்கியம். பென்டிரைவிலேயே வைத்துக் கட்டாதீர்கள். நம் பென்டிரைவ்கள் விண்டோஸ் முறையில் ஃபார்மட் ஆனவை. லினக்ஸின் ஃபைல் உரிமைகள் அதில் உட்காராது, சிம்பாலிக் லிங்க் போட முடியாது. 'பெர்மிஷன் டினைடு' என்று ஆரம்பத்திலேயே நிற்கும். விண்டோஸில் ஜிப்பாகப் பிரித்து, நோட்பேடில் திறந்து சேமித்துக் கொண்டுவந்தால் வரி முடிவுகள் மாறிப்போய், 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்று வரும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி விடாதீர்கள். 'நியூ ஃபோல்டர்', 'ஃபைனல் இயர் புராஜெக்ட்' என்ற பாதைகளில் கான்ஃபிகர் இடறி விழும். ஹோம் டைரக்டரிக்குள் சோர்ஸ் ஒரு பக்கம், 'பில்ட்' என்று காலி ஃபோல்டர் ஒரு பக்கம். பில்ட் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு சோர்ஸிலிருக்கும் கான்ஃபிகரைக் கூப்பிடுங்கள். எல்லாம் குழம்பிப்போனால் பில்ட் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம், சோர்ஸ் கைபடாமல் அப்படியே இருக்கும்.

இனி நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம்.

கான்ஃபிகர் என்பது ஒரு விசாரணை. உன்னிடம் கம்பைலர் இருக்கிறதா, இந்த ஹெடர் இருக்கிறதா, இந்த ஃபங்ஷன் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப்போகும். எப்படிக் கேட்கும்? சின்னஞ்சிறு சி புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி, கம்பைல் பண்ணிப் பார்க்கும். ஓடினால் 'யெஸ்', இல்லையென்றால் 'நோ'. திரையில் உங்களுக்குக் காட்டுவது அந்த ஒற்றைச் சொல்லை மட்டும்தான். எந்தப் புரோகிராமை எழுதியது, என்ன கட்டளை கொடுத்தது, கம்பைலர் என்ன சொல்லித் திருப்பியனுப்பியது என்ற முழு வாக்குமூலமும் 'கான்ஃபிக்.லாக்' என்ற ஃபைலில் இருக்கிறது. இதுவரை எனக்கு ஒருவர்கூட அந்த ஃபைலை அனுப்பியதில்லை. திரையில் 'சி கம்பைலர் கேனாட் கிரியேட் எக்ஸிக்யூட்டபிள்ஸ்' என்று வந்ததும், ஜிசிசியை அழித்துத் திரும்ப இன்ஸ்டால் செய்கிறீர்கள். லாகைத் திறந்திருந்தால், யாரோ சொன்னார்கள் என்று நீங்கள் 'சிஃப்ளாக்ஸ்' என்ற மாறியில் போட்டுவைத்த ஒரு தப்பான எழுத்தை கம்பைலர் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

திறக்கிறவர்களும் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். நேராக ஃபைலின் அடிக்குப் போய், அங்கே வரிசை வரிசையாக மாறிகளின் பெயரும் மதிப்பும் கிடப்பதைப் பார்த்து மலைத்து மூடிவிடுகிறார்கள். அது முடிவில் கொட்டும் சரக்குப் பட்டியல். அதற்கு மேலே ஏறுங்கள். 'கான்ஃபிகர்: எரர்' என்ற சொற்றொடரைத் தேடி, அங்கிருந்து பத்து இருபது வரி மேலே பாருங்கள். 'ஃபேட்டல் எரர்: ஜிஎம்பி.ஹெச்: நோ சச் ஃபைல்' என்பது போல ஒரு வரி இருக்கும். அதுதான் நோய்.

இன்னொரு குழப்பம். "கான்ஃபிகர் நல்லபடியா முடிஞ்சிருச்சுண்ணே, மேக் ஓடும்போது திரும்பக் கான்ஃபிகர் எரர்னு வருது, அதெப்படி?" நல்ல கேள்வி. ஜிடிபியின் சோர்ஸுக்குள் பல வீடுகள்: பிஎஃப்டி, ரீட்லைன், ஜிடிபி, சிம் என்று. நீங்கள் முதலில் ஓட்டியது வாசல் கேட்டில் நிற்கும் கான்ஃபிகர். ஒவ்வொரு வீட்டின் கான்ஃபிகரும் மேக் ஓடும்போதுதான் ஓடும். ஆகவே கான்ஃபிக்.லாகும் ஒன்றல்ல, வீட்டுக்கு ஒன்று. 'கான்ஃபிகர்-ஜிடிபி' என்று பெயர் சொல்லி எரர் வந்தால், பில்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிடிபி ஃபோல்டருக்குள் போய் அங்கிருக்கும் லாகைப் பாருங்கள். வாசலில் இருக்கும் லாகைப் படித்துவிட்டு, "எல்லாம் யெஸ்ஸுன்னுதான் போட்டிருக்கு" என்றால் எப்படி?

பெரும்பாலான 'இல்லை'களுக்குக் காரணம் ஒன்றேதான். "ஜிஎம்பி ஏற்கெனவே இருக்குண்ணே, ஆப்ட்டும் இருக்குன்னுதான் சொல்லுது. ஆனா கான்ஃபிகர் இல்லேங்குது." இரண்டும் உண்மை. ஓடுவதற்கு வேண்டிய லைப்ரரி இருக்கிறது, கட்டுவதற்கு வேண்டிய ஹெடர் இல்லை. டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் அது '-டெவ்' என்று முடியும் தனிப் பேக்கேஜில் வரும். ஃபெடோரா பக்கம் '-டெவல்'. புது ஜிடிபிக்கு 'லிப்ஜிஎம்பி-டெவ்', 'லிப்எம்பிஎஃப்ஆர்-டெவ்' இரண்டும் கட்டாயம். இல்லையென்றால் வாசலிலேயே 'பில்டிங் ஜிடிபி ரிக்வயர்ஸ் ஜிஎம்பி 4.2+, அண்ட் எம்பிஎஃப்ஆர் 3.1.0+' என்று நிறுத்திவிடும். பழைய பதிப்புகளில் 'நோ டெர்ம்கேப் லைப்ரரி ஃபவுண்ட்' என்று வந்தால் வேண்டியது 'லிப்என்கர்சஸ்-டெவ்'. டெர்ம்கேப் என்ற பெயரிலேயே பேக்கேஜைத் தேடி அலைய வேண்டாம். பைத்தானைப் பற்றிப் புலம்பினால் 'பைத்தான்3-டெவ்'. போர்டோடு பேசும்போது, அங்கே என்னென்ன ரெஜிஸ்டர் இருக்கிறது என்ற விவரம் எக்ஸ்எம்எல் வடிவில் வரும். அதைப் படிக்க 'லிப்எக்ஸ்பாட்1-டெவ்' வேண்டும். இது இல்லாவிட்டாலும் ஜிடிபி கட்டிமுடிந்துவிடும், ஆனால் போர்டை இணைத்த பிறகு மொழி தெரியாத ஊரில் இறங்கியவன் போல முழிக்கும். அதனால் '--வித்-எக்ஸ்பாட்' என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் அப்போதே நின்று சொல்லும்.

லேப்பில் சூடோ பாஸ்வேர்டு தரமாட்டார்கள் என்பதும் தெரியும். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர் இரண்டையும் உங்கள் ஹோம் டைரக்டரிக்குள்ளேயே '--பிரிஃபிக்ஸ்' கொடுத்துக் கட்டிக்கொண்டு, ஜிடிபிக்கு '--வித்-ஜிஎம்பி', '--வித்-எம்பிஎஃப்ஆர்' என்று வழி காட்டலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜிஎம்பி கட்டும்போது எம்4 என்ற சின்ன நிரல் இல்லை என்று முகம் சுளிக்கலாம். எம்பிஎஃப்ஆருக்கும் ஜிஎம்பி இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

இனி மேக். இது ஓடும்போது வரும் பிழைகளில் முதல் பிழைதான் பிழை. மற்றதெல்லாம் அதன் பிள்ளை குட்டிகள். மேல்மடையில் அடைப்பு இருக்கும்போது கடைமடையில் நின்று மண்வெட்டி போடுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மேக்கை '-ஜே8' என்று எட்டு ஆளாக ஓடவிட்டால், ஒருவன் விழுந்த பிறகும் மற்ற ஏழு பேரும் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்பார்கள். அதனால் உண்மையான பிழை, ஒன்றுக்கும் ஆகாத நூறு வரிக்கு மேலே போய்விடுகிறது. நின்றவுடன் திரும்ப 'மேக் -ஜே1' என்று ஒற்றை ஆளாக ஓட்டுங்கள். முடிந்த வேலையை அது திரும்பச் செய்யாது. நேராக அந்த இடத்துக்குப் போய் விழும். கடைசிப் பத்து வரிக்குள் காரணம் தெரியும். இந்த ஒன்றைச் செய்தாலே எனக்கு வரும் போட்டோ பாதியாகக் குறையும்.

எண்களும் கொஞ்சம் பேசும். எரர் 127 என்றால் கூப்பிட்ட கட்டளையே மெஷினில் இல்லை. ஜிடிபியில் இது பெரும்பாலும் 'மேக்இன்ஃபோ'வாக இருக்கும். கையேட்டை உருவாக்கும் கருவி அது, 'டெக்ஸ்இன்ஃபோ' பேக்கேஜில் இருக்கிறது. கையேடு வேண்டாமென்றால் 'மேக்இன்ஃபோ=ட்ரூ' என்று கொடுத்து ஏய்த்துவிடலாம். அதில் பாவமில்லை.

'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்' என்று வந்தால் நிரலில் குற்றமே இல்லை. மெமரி தீர்ந்து, கெர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கிறது. 'டிமெசேஜ்' கட்டளையில் கொலைக் குறிப்பு இருக்கும். 2011-ல் தொடங்கிய அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த முதல் வரிசை மெஷின்கள் 2 ஜிபி மெமரி உடையவை. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் அக்காமார் வைத்திருந்ததை இன்னும் சிலர் பயன்படுத்துகிறீர்கள், நல்லது, அந்த மெஷின்கள் உழைக்கும். ஆனால் சி++ ஃபைல் ஒன்றைக் கம்பைல் பண்ணவே சில நூறு எம்பி பிடிக்கும். பிரவுசரில் பத்து டேப் திறந்து, அதோடு '-ஜே4' என்றால் எங்கே போவது? பிரவுசரை மூடுங்கள், '-ஜே1' போடுங்கள், ஒரு ஸ்வாப் ஃபைல் சேருங்கள். மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும். ஓடவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

அடுத்த இரண்டும் நம் ஊரிலேயே அடிக்கடி நடப்பவை. எந்தக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்று, கரண்டு. பாதி பில்டில் கரண்டு போய் டெஸ்க்டாப் அணைந்தால், அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த '.ஓ' ஃபைல் காலியாகவோ அரைகுறையாகவோ நின்றுவிடலாம். கரண்டு வந்ததும் மேக்கைத் திரும்ப ஓட்டுகிறீர்கள். மேக் ஃபைலின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, நேரத்தை மட்டும்தான் பார்க்கும். சோர்ஸை விட இது புதுசு, சரி, முடிந்த வேலை என்று தாண்டிப் போய்விடும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்கும்போது லிங்கர் 'ஃபைல் நாட் ரெகக்னைஸ்டு: ஃபைல் ட்ரங்கேட்டட்' என்று ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயருள்ள '.ஓ' ஃபைலை மட்டும் அழித்துவிட்டு மேக் போடுங்கள். முழுவதையும் முதலிலிருந்து கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அதே மதியம் அடுத்த கரண்டு கட்டும் வரும்.

இரண்டு, கடிகாரம். லேப்பில் பழைய மெஷின்களில் மதர்போர்டிலிருக்கும் காசு அளவு பேட்டரி செத்துப்போயிருக்கும். ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் தேதி எங்கோ பழைய வருஷத்தில் நிற்கும். நீங்கள் நேற்று இறக்கிய சோர்ஸ், அந்த மெஷினுக்கு வருங்காலத்திலிருந்து வந்த பொருள். கான்ஃபிகர், "இப்போது உண்டாக்கிய ஃபைல் கூட வந்த ஃபைலை விடப் பழசாக இருக்கிறதே, கடிகாரத்தைப் பார்" என்று நிறுத்தும். அல்லது மேக், 'க்ளாக் ஸ்கியூ டிடெக்டட்' என்று முணுமுணுத்துவிட்டு, முடிந்ததையே திரும்பத் திரும்பச் செய்யும். இதே மெஷினில் பிரவுசர் எந்தத் தளத்தையும் 'சான்றிதழ் செல்லாது' என்று திறக்க மறுக்கும். அதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள். தேதியைச் சரிசெய்துவிட்டு பில்ட் ஃபோல்டரை அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். அந்த பேட்டரி சிஆர்2032. வாட்ச் கடையில் கிடைக்கும்.

செய்யக்கூடாதது என்று சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போட்டோக்களில் பார்க்கிறேன். பெர்மிஷன் பிழை வந்ததும் 'சூடோ மேக்'. ஒரு முறை அப்படி ஓட்டினால் பாதி ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். பிறகு சூடோ இல்லாமல் எதுவும் நகராது. 'சிஹெச்மாட் 777' அதைவிட மோசம். ஹோம் டைரக்டரிக்குள் பிரிஃபிக்ஸ் கொடுத்தால் இன்ஸ்டால் செய்யக்கூட சூடோ வேண்டியதில்லை. பிழை கேட்டதையெல்லாம் '--டிஸேபிள்', '--வித்அவுட்' என்று வெட்டித் தள்ளுவதும் ஒரு வழி, ஆனால் வெட்டுவது என்ன என்று தெரிந்து வெட்டுங்கள். '--டிஸேபிள்-சிம்' போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. '--வித்அவுட்-பைத்தான்' போட்டால் ஜிடிபி கட்டிவிடும், ஆனால் சி++ வெக்டாரை அச்சிடச் சொன்னால் உள்ளிருக்கும் பாயின்டர்களைக் கொட்டும், எண்களைக் காட்டாது. போர்டில் சி மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும். மற்றவர்கள் பைத்தான்3-டெவ் தேடிப்போவதே நல்லது.

கட்டி முடித்தவர்களிடமிருந்தும் போட்டோ வருகிறது. பில்ட் ஃபோல்டருக்குள்ளிருந்தே ஓட்டிப் பார்த்து, 'குட் நாட் லோடு தி பைத்தான் ஜிடிபி மாட்யூல்' என்று எச்சரிக்கை. இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டினால் அதன் துணை ஃபைல்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. 'மேக் இன்ஸ்டால்' போடுங்கள், அல்லது '--டேட்டா-டைரக்டரி' என்று இடத்தைச் சொல்லுங்கள். கட்டிய ஜிடிபியை பென்டிரைவில் நண்பனுக்குக் கொடுத்தால், அவன் மெஷினில் 'லிப்பைத்தான்' இன்ன பதிப்பு இல்லை என்று நிற்கும். அவனும் கட்டிக்கொள்ளட்டும்.

போர்டு கையில் இல்லை என்று சும்மா இருக்க வேண்டாம். க்யூஇஎம்யூ என்ற எமுலேட்டர் ரிஸ்க்-ஃபைவ் மெஷினாக நடிக்கும். அதை '-எஸ்' சிறியதும் பெரியதும் சேர்த்து ஓட்டினால் முதல் கட்டளையிலேயே நின்று 1234 என்ற போர்ட்டில் காத்திருக்கும். உங்கள் ஜிடிபியில் 'டார்கெட் ரிமோட் :1234' என்று கொடுத்து, ரெஜிஸ்டர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் கட்டியது சரி. நாளை நிஜ போர்டு வந்ததும் ஓப்பன்ஓசிடி என்ற நிரல் வழியாக 3333 என்ற போர்ட், அவ்வளவே வித்தியாசம்.

இதற்குப் பிறகும் நின்றால் எனக்கு எழுதுங்கள், தாராளமாக. மேக்கை ஓட்டும்போது 'மேக் -ஜே1 2>&1 | டீ பில்ட்.லாக்' என்று கொடுத்தால் திரையில் ஓடுவது அத்தனையும் ஃபைலிலும் ஏறும். அந்த ஃபைல், எந்த வீட்டில் விழுந்ததோ அந்த வீட்டின் கான்ஃபிக்.லாக், என்ன உபுண்டு, ஜிசிசி எந்தப் பதிப்பு, ஜிடிபி எந்தப் பதிப்பு, கான்ஃபிகருக்கு என்னென்ன கொடுத்தீர்கள். டெக்ஸ்டாக அனுப்புங்கள், போட்டோ வேண்டாம். ஏற்கெனவே என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். சூடோ போட்டிருந்தால் திட்ட மாட்டேன். இதையெல்லாம் சேர்த்துக் கட்டி அனுப்ப உட்காரும்போதே பலருக்கு விடை கண்ணில் பட்டுவிடும். அப்போது எனக்கு எழுதாமலே விட்டுவிடுவீர்கள், அதுவும் நல்லதுதான்.

இந்த மடலை லேப் பொறுப்பிலிருக்கும் ஐயாமார், அம்மாமார் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒன்று. பிள்ளைகளுக்கு சூடோ கொடுக்கத் தயக்கமிருப்பது நியாயம். செமஸ்டர் தொடங்கும் முன் மேலே சொன்ன டெவ் பேக்கேஜ்களையும் டெக்ஸ்இன்ஃபோவையும் ஜிடிபி-மல்டிஆர்ச்சையும் எல்லா மெஷினிலும் ஒரு தடவை ஏற்றிவிடுங்கள். அரை நாள் வேலை. அப்படியே எந்தெந்த மெஷினில் தேதி தப்பாகக் காட்டுகிறது என்று குறித்து, அதற்கெல்லாம் பேட்டரி மாற்றச் சொல்லுங்கள்.

அன்புடன்,
புதூரில் பிறந்து, போர்டுகளோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும்
உங்கள் அண்ணன் ஒருவன்